நல்ல கறி மட்டும் போதாது

இரண்டு மாதமாக எங்கோ ஒளிந்திருந்துவிட்டு, இன்று நடுப்பகலில் மலைமுகட்டில் எட்டிப் பார்த்த சூரியனுக்கு என் முதல் வணக்கம். அந்தச் சூரியனை வரவேற்கப் பிள்ளைகளோடு குன்றேறிப் பாடிவிட்டு, கன்னம் சிவக்க, கால் மரக்க, இந்த மன்றத்துக்குள் வந்து அமர்ந்திருக்கும் ஊராருக்கு என் அடுத்த வணக்கம்.

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும், வேட்டைக்காரர் சங்கத்தின் தூணாக விளங்கும், எனக்குப் பேச நேரம் கொடுத்த கையோடு கடிகாரத்தையும் பார்க்கத் தொடங்கிவிட்ட ஐயா எனோக் அவர்களே, கடலை அளந்தவர்களும் பனியைப் படித்தவர்களுமான பெரியோர்களே, காலையிலிருந்து காப்பி காய்ச்சிக் காய்ச்சிக் கை சலித்தாலும் முகம் சலிக்காத தாய்மார்களே, கேக்குத் தட்டு காலியாகுமுன் பேச்சு முடியாதா என்று பார்த்திருக்கும் பிள்ளைகளே, வெளியே சங்கிலியில் நின்றபடி என்னைவிட உரக்கப் பேசிக்கொண்டிருக்கும் நம் நாய்களே, உங்கள் எல்லோருக்கும், நம் ஊர்ப் பொதுக் குளியல் கூடத்தில் உங்கள் துணிகளையும் உங்கள் ஊர்வம்பையும் ஒன்றாக அலசிக்கொண்டிருக்கும் யாகோபினேயின் பணிவான வணக்கம்.

அடுத்த வாரம் பனிவண்டிப் பந்தயம். அதனால் நாய்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசவேண்டும் என்று சங்கத்தில் சொன்னார்கள். தலைப்பும் கொடுத்தார்கள்: ‘உழைப்பின் உற்ற துணைவர்கள்’. கொடுத்துவிட்டுத் தலைவர் என்னைத் தனியாக அழைத்தார். “யாகோபினே, யாரையும் அழ வைக்காதே. யாரோடயும் சண்டை இழுக்காதே. சீக்கிரம் முடி” என்றார். மூன்றில் ஒன்றையாவது காப்பாற்றப் பார்க்கிறேன், ஐயா.

உற்ற துணைவர்கள். எவ்வளவு சரியான தலைப்பு. பனி விரிசல் விடும் ஓசையை மனிதக் காது கேட்பதற்கு முன்னே கேட்டது யார்? கண்ணைக் கட்டிய வெண்புயலில் வீட்டுக்கு வழி கண்டது யார்? கரடி வந்த நாளில் கயிறு அறும்படி கத்தி நம் பிள்ளைகளைக் காத்தது யார்? பஞ்ச காலத்தில் நம்மோடு பட்டினி கிடந்து, பசித்த வயிற்றோடு பாரம் இழுத்து, நம் குலத்தை அழியாமல் கொண்டுவந்து இங்கே நிறுத்தியது யார்? நாய் அல்லவா? பனியில் ஓடும் எந்திரவண்டி எரிபொருள் தீர்ந்தால் இரும்பாகிவிடும். நாய் பசித்தாலும் நாயாகவே நிற்கும்.

பின்வரிசையில் ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது. என்ன தம்பி? “அக்கா, என் ஸ்னோமொபைல் போன வருஷம் ஒரு தடவைகூட நடுவழியில நிக்கல.” நிற்கவில்லைதான். உதிரிபாகம் வரவில்லை என்று வருஷம் முழுக்கத் தார்ப்பாய்க்குள் தூங்கியது எப்படி நடுவழியில் நிற்கும்? உட்கார். காப்பி குடி.

நாயைப் புகழ்ந்தாயிற்று. இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அந்த நாய் எதைத் தின்று இழுக்கிறது?

நாம் நாய்க்குச் சமைப்பதில்லை. அடுப்பேற்றுவதில்லை, உப்பிடுவதில்லை, ஆற வைப்பதில்லை. உறைந்த கட்டியைக் கோடரியால் பிளந்து பச்சையாகத்தான் போடுகிறோம். ஆனால் பச்சையாகப் போட்டதனாலேயே அது தீனி ஆகிவிடுமா? சதையைப் போட்டால் சாப்பாடு ஆகிவிடுமா? ஆகாது. குளிரைத் தாங்கக் கொழுப்பு வேண்டும். எலும்பு வளர எலும்பு வேண்டும். வயிறு சீராக இருக்கக் குடலும் இரைப்பையும் வேண்டும். பல் சுத்தமாக இருக்கத் தோலும் துடுப்புக்காலும் வேண்டும். ஈரல் ஒரு துண்டு போதும். ஆசைப்பட்டு நாளும் அள்ளிப் போட்டால் அதுவே கேடு. பனிக்கரடியின் ஈரலோ நாமும் தொடாத நஞ்சு, நாய்க்கும் காட்டாத நஞ்சு. இவை எல்லாவற்றோடும் சேர்ந்து வந்தால்தான் சிவப்புச் சதைக்கே மரியாதை. நாம் வேட்டையாடும் சீல் விலங்கைக் கடல் எப்படிக் கட்டி அனுப்பியதோ, அந்த அளவிலேயே பிரித்துப் போடுவதுதான் நாய்க்கு நாம் படைக்கும் விருந்து.

இது உங்களுக்குத் தெரியாதா? யாருக்குத் தெரியாது? நம் தலைவரையே எடுத்துக்கொள்ளுங்கள். குளியல் கூடத்தின் பின்கட்டில் இறைச்சி வெட்டும் அறை இருக்கிறதே, அங்கே போன மாதம் நடந்தது. ஐயா தம் நாய்களுக்குச் சீல் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டம்மா துணியை எந்திரத்தில் போட்டுவிட்டு வந்து வாசலில் நின்று பார்த்தார்.

“என்னங்க, முந்தாநேத்து என் தங்கச்சி வந்தப்போ இத்தனூண்டு கொழுப்பு வெட்டி வச்சீங்க. இதுகளுக்கு மட்டும் உள்ளங்கை தண்டிக்கு வெட்டறீங்களே?”

ஐயா நிமிரவே இல்லை. “உன் தங்கச்சி வண்டி இழுப்பாளா?”

“அவ வண்டி இழுக்கலைன்னாலும் நாலு பேர இழுத்துட்டு வந்து உங்களக் கேக்க வைப்பா, பாருங்க.”

சிரிக்கிறீர்கள். தலைவரும் சிரிக்கிறார். தலைவரின் மைத்துனி மட்டும் சிரிக்கவில்லை. சரி. ஆனால் இதிலிருந்து ஒன்று தெளிவாகிறதா இல்லையா? நாய்க்கு எது வேண்டும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கொழுப்பைக் குறைத்தால் நாய் குறையும் என்பது நம் கைகளுக்கே தெரியும்.

அப்படியானால் நான் கேட்கிறேன். தெரிந்த ஊரில், தீனி நிறைந்த ஊரில், தின்னக் கொடுக்கும் மனம் நிறைந்த ஊரில், ஒரு வீட்டு வாசலில் பதினோரு நாய்கள் வயிறு நிறையத் தின்றும் ஏன் செத்துக்கொண்டிருக்கின்றன?

தலைவர் கையைக் காட்டுகிறார். இருங்கள் ஐயா. கேக்கு எங்கும் போய்விடாது.

அப்போலுசின் வீட்டைச் சொல்கிறேன். பாறைக்கு அந்தப்பக்கம், கடைசி வீடு. அப்போலுசை உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பனி பிடிக்கத் தொடங்கிய நாட்களில் படகைக் கரையேற்றும்போது வழுக்கி, படகுக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கித் தொடை எலும்பு நொறுங்கியவன். ஹெலிகாப்டர் வந்து எடுத்துக்கொண்டு போனபோது நாம் எல்லோரும் போய் நின்றோம். அங்கே தெற்கே ஆஸ்பத்திரியில் ஒரு முறை அறுத்தார்கள். சீழ் பிடித்தது. மறுபடி அறுத்தார்கள். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறானாம். பனி இளகுமுன் வந்துவிடுவான் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வந்தவன் பனியில் துளை போட்டுத் தூண்டில் இறக்கினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். தூண்டில் இறக்கும் இடத்துக்கு அவனைச் சுமந்து போக நாய் வேண்டும். நாய் இல்லாவிட்டால்? அவன் மனைவி பிபியானேயும் மூன்று பிள்ளைகளும் மூட்டை கட்டிக்கொண்டு நகரத்து அடுக்குவீட்டுக்குப் போகவேண்டியதுதான். போனவர்கள் யாராவது திரும்பி வந்து பார்த்திருக்கிறீர்களா?

அவன் போன நாளிலிருந்து நாம் என்ன செய்தோம்? சும்மா இருந்தோமா? இல்லை. அதை நான் பெருமையோடு சொல்வேன். சீல் பிடித்த ஒவ்வொரு வீடும் பிபியானே வீட்டுக்குப் பங்கு அனுப்பியது. வாசல் அறையில் வைத்துவிட்டுச் சொல்லாமல் வந்துவிடுவோமே, அந்த நம் வழக்கப்படி வைத்தோம். எதை வைத்தோம்? எலும்பு நீக்கி, தோல் நீக்கி, கொழுப்புச் சீவி, நார் எடுத்து, கையில் எடுத்தால் மின்னும் சிவப்புச் சதையாக வைத்தோம். பிள்ளைகளுக்கு என்று ஒரு கீற்றுக் கொழுப்பு, அவ்வளவுதான். நோய் கண்ட வீட்டுக்கு நல்லதைக் கொடுக்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தோம். ஒரு வீடா, இரண்டு வீடா? ஊரே கொடுத்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளும் தின்று மிஞ்சி, பதினோரு நாய்களும் தின்னும் அளவுக்குக் கொடுத்தது.

குடலைக் கொடுத்தோமா? தோலைக் கொடுத்தோமா? கொழுப்பைக் கொடுத்தோமா? முதுகெலும்பைக் கொடுத்தோமா? கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை? கருமித்தனமா? கருமித்தனம் என்றால் நான் இங்கே வந்து நின்று பேசவேண்டியதில்லை. துணி துவைக்க வரும்போது ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டிருப்பேன். கருமித்தனம் இல்லை. பயம். அன்பிலிருந்து பிறந்த பயம்.

நம் ஊரில் நாய்த்தீனி எந்த வீட்டு வாசலுக்குப் போகும்? சொல்லுங்கள். ஏன் எல்லோரும் காப்பிக் கோப்பைக்குள் பார்க்கிறீர்கள்? நான் சொல்கிறேன். வேட்டைக்காரன் இறந்துபோன வீட்டு வாசலுக்குப் போகும். நாய்களை உறவினர்கள் பிரித்து எடுத்துக்கொள்ளும்வரை, அந்த விதவையின் வாசலில் குடலும் கொழுப்பும் எலும்பும் கொண்டுபோய்க் கொட்டுவோம். ‘உன் வீட்டில் இனி ஆள் இல்லை, உன் நாய்க்கு நாங்கள் இருக்கிறோம்’ என்று அதற்குப் பொருள். அந்தப் பொருளை நினைத்துத்தான் நாம் எல்லோரும் நடுங்கினோம். உயிரோடு இருக்கும் அப்போலுசின் வாசலில் நாய்த்தீனியை வைப்பதா? அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, அவன் போய்விட்டான் என்று நம் கையாலேயே சொல்வதா? வேண்டாம் என்று ஒவ்வொரு வீடும் தனித்தனியாக நினைத்தது. தனித்தனியாகக் கொழுப்பைச் சீவியது. தனித்தனியாக நல்ல கறியை மட்டும் கொண்டுபோய் வைத்தது.

யாரும் யாரையும் கேட்கவில்லை. இருட்டு மாதங்கள். அந்த வீடோ பாறைக்கு அந்தப்பக்கம். நாய்க்கோ குளிர்கால ரோமம். கையை விட்டுத் தடவிப் பார்த்தால்தான் விலா தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் அவை கொழுத்த நாய்கள்தான்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். போன வாரம் பிபியானே கைக்குழந்தையை முதுகில் போட்டுக்கொண்டு குளியல் கூடத்துக்கு வந்தாள். துணியை எந்திரத்தில் போட்டாள். போட்டுவிட்டு, “அக்கா, வெட்டற ரூம் காலியா இருக்கா?” என்றாள். காலிதான் என்றேன். ஒரு மூட்டையோடு உள்ளே போனாள். சீல் வந்திருக்கிறது போல என்று நினைத்து, ஒரு கை பிடிக்கலாம் என்று பின்னாலேயே போனேன்.

மேசையில் கிடந்தது சீல் அல்ல. அப்போலுசின் சீல்தோல் கால்சட்டை. அவள் கையாலேயே தைத்துக் கொடுத்தது. அதைக் கத்தியால் பட்டை பட்டையாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னடி பண்ற?”

“நாய்ங்களுக்குக்கா.”

“பைத்தியமா உனக்கு? வீட்டுல கறி இல்லையா?”

“கறி நிறைய இருக்குக்கா. பொட்டி நிறைய இருக்கு.” நிமிராமலேயே சொன்னாள். “நல்ல கறியாத்தான் எல்லாரும் குடுக்கறாங்க. துண்டு துண்டா, சுத்தமா. நாய்ங்களும் தின்னுதுங்க. தின்னுட்டுக் கழியுதுங்க. வயிறு நெறஞ்சாலும் மெலியுதுங்க. சேணத்த மெல்லுதுங்க. வண்டி கட்டற தோல்வாரைக் கடிச்சுத் தின்னுடுச்சுங்க. பிள்ளைங்களுக்கு வந்த கொழுப்பையும் அதுகளுக்குத்தான் போட்டேன். பதினோரு வாய்க்கு அது எந்த மூலைக்கு?”

“இந்தப் பதப்படுத்தின தோல்ல என்னடி சத்து இருக்கும்?”

“தெரியும்க்கா. மெல்லறதுக்காவது ஆகட்டும்.”

“கடையில தீனி மூட்டை?”

“கடல் உறையறதுக்கு முன்னாடி கடைசிக் கப்பல்ல வந்தது எப்பவோ தீந்துபோச்சு. நான்தானே கடையில வேலைக்கு நிக்கறேன், எனக்குத் தெரியாதா?”

“அப்போ வாயத் திறந்து கேக்கறதுதானே? குடலு குடுங்க, கொழுப்பு குடுங்கன்னு?”

அப்போதுதான் நிமிர்ந்தாள். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. “எப்படிக்கா கேப்பேன்? என் வாசலுக்கு நாய்த்தீனி கொண்டாங்கன்னு நானே கேக்கணுமா? அவர் போயிட்டாருன்னு நானே ஊருக்குச் சொல்லணுமா? குடுத்த நல்ல கறியக் கொற வேற சொல்லணுமா?”

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது, பெரியோர்களே. நாம் எதைச் சொல்லப் பயந்து கொடுக்காமல் இருந்தோமோ, அதையே சொல்லப் பயந்து அவள் கேட்காமல் இருந்திருக்கிறாள். நடுவில் பதினோரு நாய்கள்.

இன்னொன்றும் சொன்னாள். தெற்கேயிருந்து அப்போலுஸ் தினமும் தொலைபேசியில் கூப்பிடுவான். பிள்ளைகளைக் கேட்பான், அவளைக் கேட்பான், பிறகு, “நாய்ங்க கத்தறதக் கேக்கணும், வெளிய போ” என்பான். இவள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் குளிரில் கையை நீட்டி நிற்பாள். ஒன்று தொடங்கினால் எல்லாம் சேர்ந்து ஊளையிடுமே, அதை அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக் கேட்பான். போன வாரம் கேட்டுவிட்டுச் சொன்னானாம்: “துலுகாக் குரல் கேக்கலையே?”

துலுகாக் அவனுடைய தலைநாய். கறுப்பி. எட்டு வருஷமாக அவன் வண்டியை முன்னின்று இழுப்பவள். குட்டியிலிருந்து அவன் மடியில் வளர்ந்தவள்.

“தூங்குது” என்றாளாம் இவள்.

“எல்லாம் ஊளை போடறப்போ அவ தூங்குவாளா?”

“குளிர் ஜாஸ்தி. சுருண்டு கெடக்கறா.”

“சரி, சரி. அவள எழுப்பாத” என்றானாம். அதைச் சொல்லும்போதுதான் பிபியானே அழுதாள். கால்சட்டையை வெட்டும்போது அழவில்லை.

இங்கே சிலர் மூக்கைச் சிந்துகிறீர்கள். ஐயா, உங்கள் முதல் நிபந்தனை போயிற்று. இரண்டாவதற்கு வருகிறேன்.

காபா அவர்களே. நாய் அதிகாரி காபா அவர்களே. முன்வரிசையில் தூணுக்குப் பின்னால் அமர்ந்தால் எனக்குத் தெரியாதா? எழவேண்டாம், அமர்ந்தே கேளுங்கள். நீங்கள் நாய்களுக்கு ஊசி போட அந்த வீட்டுக்குப் போனீர்கள். ரோமத்துக்குள் கையை விட்டீர்கள். விலா ஒவ்வொன்றாகக் கையில் தட்டியது. சட்டம் என்ன சொல்கிறது? தீனி போட ஆளில்லாமல் மெலிந்து கிடக்கும் நாயை வதைபட விடக்கூடாது, சுட்டுவிடவேண்டும். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. பசியில் கிடக்கும் நாயைப் பார்த்தவர்கள் யாரும் குறை சொல்லமாட்டார்கள். நீங்களும் கல்நெஞ்சக்காரர் இல்லை. “சூரிய விழா முடியட்டும், மறுநாள் காலையில வர்றேன்” என்று பிபியானேயிடம் சொன்னீர்கள். சொல்லிவிட்டு என் கூடத்துக்கு வந்து, வெந்நீர் தீரும்வரை குளித்துக்கொண்டே நின்றீர்கள். உங்களுக்கு அது எவ்வளவு கசப்பு என்று எனக்குத் தெரியும்.

என்ன சொல்கிறீர்கள்? உரக்கச் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

“சட்டத்துல ‘தீனி இல்லாத நாய்’னுதான் இருக்கு, யாகோபினே. தீனி இருந்தா எனக்கு அங்க வேலையே இல்லை.”

கேட்டீர்களா? அவருக்கு அங்கே வேலை இருக்கவேண்டுமா வேண்டாமா என்பது அவர் துப்பாக்கியில் இல்லை. உங்கள் வீட்டு இறைச்சிக் கொட்டகையில் இருக்கிறது.

அன்பு மிக்க ஊராரே, நான் வழக்கத்தைப் பழிக்க வரவில்லை. வாசலில் வைத்துவிட்டுச் சொல்லாமல் வருவது உயர்ந்த வழக்கம். வாங்குபவர் தலை குனியாமல் இருக்க நம் முன்னோர் கண்ட வழி அது. ஆனால் வழக்கம் எதற்காக? வாழ்வதற்காகவா, வாழ்வதுபோல் காட்டிக்கொள்வதற்காகவா? கொடுத்த கை அழகாகத் தெரியக் கொடுத்தோமா, தின்ற வயிறு வாழக் கொடுத்தோமா? அழகான கறியைக் கொடுத்து அழிவைக் கொடுத்தோமே. தூய்மையான கறியைக் கொடுத்துத் துன்பத்தைக் கொடுத்தோமே. கழிவு என்று நாம் ஒதுக்கிய குடலில்தான் அந்த நாய்களின் உயிர் இருந்தது. கூச்சப்பட்டு நாம் சீவி எடுத்த கொழுப்பில்தான் அந்தப் பிள்ளைகளின் வீடு இருந்தது.

அப்போலுஸ் இறக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு ரகசியமாகச் சொல்லவேண்டிய செய்தியா அது? உரக்கச் சொல்வோம். அப்போலுஸ் இருக்கிறான். ஊன்றுகோலை ஊன்றி, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்து பழகிக்கொண்டிருக்கிறான். அவன் திரும்பி வந்து ஏறவேண்டிய வண்டிக்கு நாய் வேண்டும். அவன் போய்விட்டான் என்பதற்காக இல்லை, வருகிறான் என்பதற்காகவே அந்த வாசலுக்கு நாய்த்தீனி போகட்டும். இதுவரை அதற்கு ஒரு பொருள் இருந்தது. இன்றிலிருந்து இன்னொரு பொருளும் இருக்கட்டும். பொருளை வைத்தது வானமா? நாம்தானே?

வலப்பக்கம் மூத்தவர் ஒருவர் தலையாட்டுகிறார், ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. சொல்லுங்கள், அப்பா.

“எல்லாம் சரிதான்மா. அந்த வீட்டுக்காரி வாயால கேக்காம நாமளாக் கொண்டுபோய்க் கொட்டினா, அது பழைய பொருள்லதானே போய் நிக்கும்? அவ மனசு என்ன பாடுபடும்?”

நியாயமான கேள்வி. அதற்கு என்னால் பதில் சொல்லமுடியாது. இன்று காலை நான் பிபியானேயிடம் போய், “மேடையில பேசப்போறேன், பேசவா?” என்று கேட்டேன். பேசு என்றும் சொல்லவில்லை, பேசாதே என்றும் சொல்லவில்லை. குழந்தைக்குக் குல்லாய் போட்டுக்கொண்டிருந்தாள், போட்டுக்கொண்டே இருந்தாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்திருக்கிறாள். கதவோரம் அமர்ந்திருக்கிறாள். யாரும் திரும்பிப் பார்க்கவேண்டாம். பிபியானே, உன்னை எழச் சொல்லவில்லை. நீ அமர்ந்தே இரு. நான் உன்னை இந்த அவையில் நிறுத்த...

எழுந்துவிட்டாள்.

அமைதி. பிள்ளைகளே, தட்டைத் தட்டாதீர்கள். கொஞ்சம் உரக்க, பிபியானே. இங்கே மேடைவரை கேட்கவில்லை.

“எங்க வீட்டு நாய்ங்களுக்குக் கொழுப்பு வேணும்.”

இன்னொரு முறை சொல், அம்மா.

“எங்க வீட்டு நாய்ங்களுக்குக் கொழுப்பு வேணும். எலும்பு வேணும். குடல் இருந்தா அதுவும் வேணும். அவர் வர்றப்போ நாய்ங்க இருக்கணும்.”

கேட்டீர்களா, ஊராரே? கேட்டுவிட்டாள். ஊரில் எந்தப் பெண்ணும் கேட்டிராததைக் கேட்டுவிட்டாள். கேட்பதற்கு அவளுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கொடுப்பதற்கு நமக்கு ஒரு கோடரியும் ஒரு சாக்கும்தான் வேண்டும். பெரியவர் இப்போது எழுந்தே தலையாட்டுகிறார். ஆமாம் என்றுதான்.

வேண்டாம், கைதட்டாதீர்கள். கைதட்டினால் நாய் கொழுக்காது.

ஒரு வார்த்தை மட்டும். மெலிந்த வயிற்றுக்கு முதல் நாளே மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிடாதீர்கள், அதுவும் கேடுதான். இன்றைக்குக் கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் குடல், நக்க எலும்பு. நாளைக்குக் கொஞ்சம் கூட. துலுகாக் மட்டும் எழுந்து வரமாட்டாள். வாய்க்கு நேரே கொண்டுபோய்ப் பிடிக்கவேண்டும். ஈரலை எல்லோரும் கொண்டுவராதீர்கள். மறுபடியும் எல்லோரும் தனித்தனியாக நினைத்து, எல்லோரும் ஒன்றையே கொண்டுவந்து நிற்காதீர்கள். இந்த முறை ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள். உன் வீட்டில் தோலா, என் வீட்டில் முதுகெலும்பு. அவ்வளவு எளிது.

ஐயா எனோக் அவர்களே, எங்கே எழுந்து போகிறீர்கள்? தலைவர் போய்விட்டால் கூட்டத்தை யார் முடிப்பது? நன்றியுரை இருக்கிறது, பாட்டு இருக்கிறது.

“நீயே முடிச்சுக்கோ. எங்க இறைச்சிக் கொட்டகைச் சாவி எங்கிட்டதான் இருக்கு.”

அப்படியே ஆகட்டும், ஐயா. உள்ளங்கை தண்டிக்கே வெட்டுங்கள். இன்று உங்கள் மைத்துனியும் ஒன்றும் சொல்லமாட்டார்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. காப்பியை ஆறவிட்டுக் கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. சட்டத்தை அதன் எழுத்துப்படியே படித்துச் சொன்ன காபா அவர்களுக்கு நன்றி. எல்லோரையும்விட முதலில் எழுந்து நின்ற பிபியானேக்கு என் தலை தாழ்ந்த நன்றி. நெரிசல் வேண்டாம், கதவு ஒன்றுதான், ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். கோடரி இல்லாதவர்கள் என் வெட்டும் அறைக்கு வாருங்கள், அங்கே இரண்டு இருக்கின்றன. பாறைக்கு அந்தப்பக்கம், கடைசி வீடு. இந்த முறை வாசலில் வைத்துவிட்டுச் சொல்லாமல் வந்துவிடாதீர்கள். கதவைத் தட்டுங்கள். அவள் திறந்ததும், “அப்போலுஸ் நாய்ங்களுக்குக் கொண்டுவந்தோம்” என்று உரக்கச் சொல்லுங்கள்.

வணக்கம்.